ஃப்யூஸுக்கு முன்னால் ஒரு வயர்

அந்தத் திங்கட்கிழமை மாலை காருக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருந்தோம்: நான், பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன், மீன்கடையை மூடிவிட்டு நேராக வந்து நின்ற அம்மா. இல்லாதவர்களும் மூன்று பேர். கார் அப்பாவுடையது. கண்புரை ஆபரேஷன் முடிந்து அவருக்கு அன்று ஒன்பதாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவது மாடியில் படுத்திருந்தார். அந்தக் காரை நம்பியிருந்த டீச்சர் சாந்தோமில் தன் வீட்டில் இருந்தார். டீச்சரின் மகன் ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

விடிந்தால் செவ்வாய். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டீச்சருக்கு டயாலிசிஸ். விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவரை ஏற்றிக்கொண்டு அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒன்பதே முக்காலுக்குத் திரும்ப ஏற்றி வர வேண்டும். அப்பா மூன்று வருடமாகச் செய்துவரும் வேலை அது. மற்ற சவாரிகள் வரும், வராமலும் போகும். தி.நகருக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள், ஏர்போர்ட்காரர்கள் எல்லாம் அப்படித்தான். டீச்சருக்காக அவருடைய மகன் அனுப்பும் மாதப் பணம் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு உறுதியாக வருவது. ஆபரேஷனுக்குப் பிறகு மற்ற சவாரிகளை அப்பா வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். டீச்சரை மட்டும் நான் கூட்டிப் போனேன். அதை முடித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன்.

முதல் செவ்வாய்க்கிழமையே கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பால் வண்டிக்காரரை எழுப்பி, அவர் வண்டியிலிருந்து கரண்ட் எடுத்துக் கிளப்பி, டீச்சர் வீட்டு வாசலுக்குப் போனபோது மணி ஆறு. டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவருடைய மெஷினுக்கு அடுத்த ஆள் காத்திருந்ததால் நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்றேகால் மணி நேரத்தோடு முடித்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

வீட்டுக்கு வந்தால், அப்பா ஏற்கெனவே எல்லாம் கேட்டு முடித்திருந்தார். நான் டீச்சர் வாசலுக்குப் போய்ச் சேரும் முன்னமே மகனிடமிருந்து போன் வந்துவிட்டதாம். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு," என்றார் அப்பா. அன்று பகலிலேயே புது பேட்டரி போட்டோம். பழையதற்கு ஐந்து வயது. அதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

வியாழன் கிளம்பியது. சனிக்கிழமை கிளம்பியது, ஆனால் இழுத்து இழுத்து, தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி. நான்கு நாள் வயதான பேட்டரி அப்படி இழுக்கக் கூடாது. நிறுத்தி வைத்திருக்கும்போதே எதுவோ அதிலிருந்து கரண்டை உறிஞ்சுகிறது. அப்பா தினமும் ஓட்டிய வரை, ஓடும்போது ஏறியதும் நிற்கும்போது இறங்கியதும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எடுக்க ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இவ்வளவையும் நான் தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்தது எலக்ட்ரிகல். இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அப்பா கட்டிய ஃபீஸுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மாலையே ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கிவந்தேன். ஞாயிறு காலை பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தேன். திரையில் பூஜ்யம். ஒரு துளி லீக் இல்லை. அம்மாவிடம் போய், "ஒண்ணுமில்லம்மா, வண்டி நல்லா இருக்கு," என்றேன். அதற்குள் அப்பா கட்டிலில் இருந்தபடியே, "டெர்மினலைக் கயட்டினியா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. டெஸ்ட் பண்ணேன். சந்தேகமா இருந்தா ராத்திரில கயட்டி வெச்சிட்டு, காலைல மாட்டிக்கலாம். எந்த லீக்கும் ஒண்ணும் பண்ணாது."

"அதெல்லாம் வேணாம். டெர்மினலை மட்டும் கயட்டாதே. லாக்கு கெட்டுப்பூடும்."

லாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன மனிதரோடு வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது மாடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவருக்கு நான் கழற்றியது எப்படித் தெரிந்தது என்றும் யோசித்தேன். யாரோ சொல்லியிருப்பார்கள். ஹவுசிங் போர்டில் ஒருவர் தும்மினால் நான்கு பிளாக்குக்குத் தெரியும்.

திங்கள் காலை பேட்டரியை அளந்தால் இன்னும் இறங்கியிருந்தது. அப்போதுதான் நண்பனுக்குப் போன் செய்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். மந்தைவெளியில் கார்களுக்கு வயரிங் பார்க்கிறான். மாலை நான்கு மணிக்குத் தன் மீட்டரோடு வந்தான். முதலில் என் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சி, இத எந்த ஓட்டையில சொருகினே?"

காட்டினேன்.

"அது சின்னக் கரண்டுக்கு. தொட்ட ஒடனே உள்ள ஃப்யூஸ் போயிருக்கும். நீ பாத்த பூஜ்யம் வண்டியோடது இல்ல, மீட்டரோடது. செத்துக் கெடக்கு." திருப்பிக் கொடுத்தான். "காலேஜ்ல இதான் சொல்லிக்குடுத்தாங்களா?"

அம்மா எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கமாக ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போன கீழ்வீட்டுக்காரர் அடக்கவில்லை. "இன்னா இன்ஜினியரு, வண்டிய கூறு கட்டி விக்கப் போறியா?"

நண்பன் ஸ்பேனரை எடுத்தான். "அப்பா டெர்மினலைக் கயட்ட வேணாம்னாரு," என்றேன்.

"வாயத் தொறக்காம பல்லு புடுங்க முடியுமா? நவுரு."

கழற்றினான். மீட்டரைக் கோத்தான். பானட் திறந்தே இருந்தது. டிரைவர் பக்கக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, அதன் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளிப் பூட்டினான். கதவு மூடியிருக்கிறது என்று கார் நம்ப வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் தூங்கும், தூங்கின பிறகு எது விழித்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றான். அதற்கு இருபது நிமிடம் ஆகும். அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது. அம்மா கதவுக்கு முன்னால் காவல் நின்றாள்.

மேலே அப்பாவின் போன் அடித்தது. அந்த மணியோசை எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது மாடி வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"டேய். மறுபடி கயட்டினியா?"

கார் பூவரச மரத்துக்குக் கீழே நின்றிருந்தது. மேலிருந்து கண் நன்றாக இருப்பவருக்கே மரத்தின் தலைதான் தெரியும்.

"இல்லப்பா, சும்மா பாத்துக்கினு இருக்கோம்," என்று பொய் சொன்னேன்.  அவர் உள்ளே போனதாகத் தெரியவில்லை.

இருபது நிமிடம் ஆனது. மீட்டரில் 0.33 ஆம்பியர். கார் தூங்கும்போது 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். நான் தாளில் குறித்துக்கொண்டேன். ராத்திரியெல்லாம் இப்படி ஒழுகினால் விடிவதற்குள் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நண்பனிடம் காட்டாமல் தாளை மடித்தேன்.

"இப்ப ஃப்யூஸ் ஒவ்வொண்ணாப் புடுங்குவேன். எதைப் புடுங்கினா நம்பர் எறங்குதோ, அதான் திருடன். சத்தமாப் படி."

அவன் பிடுங்கினான். நான் படித்தேன். ஹாரன், 0.33. வைப்பர், 0.33. ஹெட்லைட், 0.33. ரேடியோவைப் பிடுங்கியபோது 0.31 ஆனது. இதுதான் என்று கத்தினேன். "அது கடியாரம் ஓட எடுக்கறது, நியாயமானது," என்று சொல்லி அடுத்ததற்குப் போனான். கடைசி ஃப்யூஸும் தரையில் விரித்திருந்த துணிக்கு வந்தது. அத்தனையையும் வரிசையாக அடுக்கியிருந்தோம். மீட்டரில் 0.31.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்து துணியின் ஓரத்தை மடக்கியது. அம்மா குனிந்து அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.

"டைனமோவா இருக்கும்," என்றான். கீழே படுத்து, டைனமோவின் தடித்த வயரைக் கழற்றினான். முழங்கையில் தோல் உரிந்தது. "இன்னா கீது?"

"0.31."

 அவன் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே பேட்டரியை முறைத்துப் பார்த்தான். "ஃப்யூஸெல்லாம் வெளிய கீது. டைனமோ வெளிய கீது. அப்பவும் எடுக்கறான்னா, ஃப்யூஸுக்கு முன்னாடியே எவனோ லைன் போட்டுருக்கான் மச்சி."

பாசிடிவ் டெர்மினலின் ரப்பர் மூடியைத் தூக்கினான். போல்ட்டுக்கு அடியில், கம்பெனி வயர்களோடு சேர்த்து, ஒரு மெல்லிய சிவப்பு வயர். அதை மற்ற வயர்களோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தார்கள். புது பேட்டரி போட்ட கடைக்காரர் இருந்ததை இருந்தபடியே மாட்டியிருக்கிறார். நண்பன் டேப்பை நகத்தால் கீறினான். "நல்ல வேலக்காரன். நம்ம ஏரியா கை இல்ல."

வயர் டேஷ்போர்டுக்குள் போனது. முன் சீட்டில் மண்டியிட்டு, எதிரே காகிதங்கள் வைக்கும் தட்டைக் கழற்றி, அதன் பின்னால் கையை விட்டேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி என் விரலில் பட்டது. சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு இல்லை, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி உள்ளிருந்து வரும் சூடு. வெளியே இழுத்தேன். ஒரு பக்கம் உப்பியிருந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது.

"வண்டி எங்க போவுதுன்னு பாக்கற பொட்டி," என்றான் நண்பன். "உள்ள சின்ன பேட்டரி கீது. அது உப்பிக்கிச்சு. ரொம்பாத கொடத்துல தண்ணி ஊத்தற மாதிரி, நம்ம பேட்டரிலர்ந்து எடுத்து எடுத்து அதுல ஊத்திக்கினே கீது."

"அதத் தொடாதே."

அப்பா வந்து நின்றிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே மூன்று மாடி இறங்கியிருக்கிறார். ஒரு கையில் போன்.

"ஏன்யா எறங்குனே? தூசில வரக் கூடாதுன்னாங்களே," என்று அம்மா ஓடினாள்.

"அது நம்மளுது இல்ல. டீச்சர் பையன் வெக்கச் சொன்னது. ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மாவ ஏத்திக்கினு வண்டி எங்க கீதுன்னு அவருக்குப் போன்ல தெரியும். டெர்மினலைக் கயட்டினா அங்க மணி அடிக்கும். இப்பகூட அவர்தான் கூப்புட்டாரு."

லாக் கெட்டுவிடும் என்றது எதற்கென்று அப்போது புரிந்தது. நான் டீச்சர் வாசலை அடைவதற்குள் தாமதம் ஆஸ்திரேலியாவுக்குத் தெரிந்ததும் புரிந்தது. போன வியாழக்கிழமை டீச்சரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, குளித்து வரலாம் என்று நான் வீட்டுக்கு வந்தபோது, "ஏன் வந்தே, கேட்லயே நில்லு, போ," என்று அப்பா பதறியது ஏன் என்பதும் புரிந்தது.

அம்மாவுக்கு வேறொன்று புரிந்தது.

"அதான் சாப்புட வர்றதில்லியா?" என்றாள்.

முன்பெல்லாம் டீச்சரை உள்ளே அனுப்பிவிட்டு அப்பா வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார். அம்மாவின் ஐஸ் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டு வருடத்துக்கு முன் அது நின்றுபோனது.

"பார்க்கிங் போயிடும்னு சொன்னியே," என்றாள் அம்மா.

"கேட்ட விட்டு நவுந்தா அவருக்குத் தெரிஞ்சிடும். மாசம் ஐந்நூறு சேத்துத் தர்றாரு, அதுக்கோசரம்."

"நான் கேட்டனா அந்த ஐந்நூற? ரெண்டு வருஷமா அந்தப் பொட்டியத் தனியா இழுத்துக்கினு கீறேன்யா. இடுப்புக்குத் தைலம் வாங்கியே தீந்துது அது."

 நண்பன் தலையை பானட்டுக்குள் விட்டுக்கொண்டு, கழற்ற வேண்டிய எதுவும் இல்லாத இடத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேட்டரி வாங்கறப்பகூடச் சொல்லலியேப்பா," என்றேன்.

"அது கரண்டு குடிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? சின்னப் பொட்டி." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீ அப்ப காலேஜு போய்க்கினு இருந்தே. ஒங்கப்பன நம்பாம வண்டில பொட்டி வெச்சாங்கன்னு ஒங்கிட்ட எப்படி சொல்றது?"

போன் அவர் கையிலேயே மறுபடி அடித்தது. அவர் எடுக்காமல் என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

டீச்சரின் மகன் மெதுவாகத்தான் பேசினார். "என்ன நடக்குது அங்க? பவர் கட்னு வருது. காலைல அம்மாவைக் கூட்டிட்டுப் போக வண்டி வருமா, வராதா? இப்பவே சொல்லிட்டா நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன்."

ஆங்கிலத்தில் பேசலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்பாவுக்கும் புரிய வேண்டும். "வரும் சார். ஆனா இந்தப் பெட்டி இருந்தா வராது. போன செவ்வாய்க்கிழமை வண்டி நின்னதுக்குக் காரணம் இதுதான். உப்பிப்போய், சூடா இருக்கு. இப்ப என் கையிலதான் இருக்கு."

 அவர் முதலில் கேட்டது வேறு.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

அப்பா இல்லை என்று கையாட்டினார். "தெரியாது சார்," என்றேன்.

"சொல்ல வேண்டாம்," என்றார். "வேற ஒண்ணு வாங்கி அனுப்பறேன். சாவி போட்டா மட்டும் வேலை செய்யற மாதிரி மாட்டிடுங்க. முடியும் இல்ல?"

முடியும் என்று நண்பன் தலையாட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"வேணாம் சார். எடுத்துடறோம். எப்ப வேணா போன் பண்ணுங்க, எங்க கீறேன்னு நானே சொல்றேன். அந்த ஐந்நூறையும் நிறுத்திக்குங்க."

"அண்ணே, நான் இங்கேர்ந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "காலைல வண்டி வரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. நண்பன் சிவப்பு வயரை போல்ட்டிலிருந்து எடுத்தான். மீட்டர் 0.31லிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. நான் நம்பவில்லை. ஏற்கெனவே ஒரு பூஜ்யத்தை நம்பியவன். அவன் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, டைனமோ வயரை முடுக்கியபோது 0.02 காட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். தன் கடை சார்ஜரைக் கொண்டுவந்து, கீழ்வீட்டு ஆட்டோக்காரரிடம் பிளக் கேட்டு பேட்டரிக்குப் போட்டான். "இன்ஜினியருக்குக் கரண்டு கடன் குடுக்கறது நானு," என்றார் அவர்.

காலை ஐந்துக்கு இறங்கினேன். எனக்கு முன்னால் அம்மா காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மேலே வராந்தாவில் கறுப்புக் கண்ணாடி. சாவியைச் செருகினேன்.  முழுதாகத் திருப்புவதற்கு முன்னாலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஐந்து பத்துக்கு டீச்சர் வாசல். "அப்பா கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டபடி ஏறினார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. மெஷினில் அவரைப் படுக்க வைத்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பெட்டியின் ஒரு கைப்பிடியை அம்மாவும் மறு கைப்பிடியை நானும் பிடித்திருந்தபோது போன் அடித்தது. ஆஸ்திரேலியா.

"எங்கே இருக்கீங்க?"

கேட்டில் இருக்கிறேன் என்று சொல்வது சுலபம். இனி அவருக்குத் தெரிய வழியில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்ல சார். அம்மாவோட ஐஸ் பெட்டியை வண்டில ஏத்தறேன். ஒன்பது மணிக்கெல்லாம் கேட்ல இருப்பேன்."

பெட்டியின் அடியிலிருந்து ஒழுகிய தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"சரி," என்றார். "ஒன்பதே முக்காலுக்கு அம்மாவை வெயிட் பண்ண வைக்காதீங்க. வியாழக்கிழமையும் நீங்கதானே?"

"நான்தான் சார். அடுத்த வாரத்துலேர்ந்து அப்பா வருவாரு."

அப்பாதான் வந்தார். இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார், எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தேவையில்லாமல் வாங்கிய பேட்டரி நாலாயிரத்து முந்நூறு, நான் கொன்ற மீட்டர் அறுநூற்று ஐம்பது, கூலி வேண்டாம் என்ற நண்பன் டேப்புக்கும் சாமானுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டது நூற்று ஐம்பது. ஆக ஐயாயிரத்து நூறு. அது ஒரு முறை போனது. அதற்குப் பிறகு மாதாமாதம் போனது, டீச்சர் மகன் சேர்த்துத் தந்துகொண்டிருந்த அந்த ஐந்நூறு ரூபாய்.